உப்புப் பார்க்காத படையல்

அடி அண்ணாமலை
16.2.2026, திங்கள்

கிழிச்சுப் போடறதா இருந்தா போடு, ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லிடு முபினு: கொண்டக்கடலைய வேக வெக்கணுமா, வேணாமா?

நான் வேக வெச்சேன். கடலைன்னா வேக வெக்கறதுதானே, சுண்டலுக்கு வேற எப்பிடி பண்றது. குக்கர்ல ஆறு விசில் விட்டு, மிக்சியில அரைச்சு, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, உருண்டை புடிச்சு எண்ணெயில விட்டேன். விட்டதுதான் தெரியும், வாணலி பூரா சேறாட்டம் கரைஞ்சு போச்சு. பக்கத்து வூட்டு ஆராயி எட்டிப் பாத்துட்டு, "இன்னாக்கா, எண்ணெயில கஞ்சி காச்சறியா"ன்னு கேக்கறா. நுரை அடங்கற வரைக்கும் அடுப்பாண்டயே ஒக்காந்திருந்தேன்.

பூண்டு வாசனையே ஆவாத பெரிம்மா எதுக்கு இந்த பலாபல் செய்ய ஒக்காந்தான்னு நீ நெனைப்ப. மாசி தேய்பிறை நவமி வருது. மார்ச்சு பன்னெண்டு, வியாழக்கிழமை. புகழேந்திக்கு வருஷம் திரும்புது. செத்தவங்களுக்குப் புடிச்சத எலையில வெக்கணும். எங்க வூட்டுக்காரருக்கு வருஷா வருஷம் பீடிக்கட்டு வெக்கறத நீயே பாத்திருக்க, நீயும் அவனும் மூலையில நின்னு சிரிச்சிருக்கீங்க.

பதினாறாம் நாளு கருமாதிக்கு நான் இன்னா வெச்சேன் தெரியுமா? உளுந்து வடை, அதிரசம், நாட்டுக்கோழிக் கொழம்பு. என் கைக்கு வந்தத வெச்சேன். மதில் மேல மூணு காக்கா ஒக்காந்து பாத்துச்சு. எறங்கல. மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் வெயில்ல நின்னு கூப்புட்டேன். கடைசியில எலைய சுருட்டி மாட்டுக்கு வெச்சேன். அந்த எலை இந்த வருஷம் பூரா என் கண்ணுலயே நிக்குது. புள்ளைக்குப் பசி அடங்கலியோன்னு.

அவனப் பெத்த என் தங்கச்சி போனப்ப அவனுக்கு நாலு வயசு. அன்னிலேருந்து நான் ஆக்கிப் போட்டதத்தான் தின்னான். நீங்க ரெண்டு பேரும் கிரிவலப் பாதையில தள்ளுவண்டி போட்ட அந்த மூணு வருஷம் மட்டும் வூட்ல சரியா ஒக்காந்து தின்னதில்ல. "வண்டியிலயே தின்னுட்டேன் பெரிம்மா"ம்பான். அப்ப அவனுக்குப் புடிச்சது அதுதானே? அந்த ரொட்டியப் பொளந்து, வெள்ளையா களி மாதிரி ஒண்ணத் தடவி, பலாபல வெச்சு மடிச்சுக் குடுப்பீங்களே, அது. தினம் சாயந்தரம் மொத உருண்டைய எலைக் கிழிசல்ல வெச்சு எனக்குக் கொண்டாருவான். "சாமி விளக்கு எரியறப்ப பூண்டு போட்டத நீட்டறியேடா"ன்னு திட்டிட்டு ஆராயி வூட்டு ஆட்டுக்குப் போட்டுடுவேன். மூணு வருஷம். அந்த ஆட்டுக்குத் தெரியும் அது இன்னா ருசின்னு, எனக்குத் தெரியாது.

நேத்து சிவராத்திரி. மலையச் சுத்தி ஜனம் போறத கேட்டாண்ட நின்னு பாத்தேன். சாவு வூடு, ஒரு வருஷம் கோயில் படி ஏறக்கூடாது. அவனுக்கு ஏழரைச் சனி நடக்குதுன்னு சனிக்கிழமை தவறாம விளக்குப் போட்டுட்டிருந்தேன், அதுவும் நின்னு போச்சு.

உன் அட்ரஸ் உங்கம்மா மெஹருகிட்ட வாங்கினேன். டவுனுக்குப் போய் உங்க வாசல்ல நின்னேன். மெஹரு உள்ள வான்னு சொல்லல. சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. அட்ரஸ் எழுதித் தந்தா, போன் நம்பர் தர்ல. தந்திருந்தாலும் பண்ணியிருக்க மாட்டேன். உன் குரலக் கேட்டா மறுபடியும் ஏதாவது சொல்லிடுவேன்.

அன்னிக்குச் சொன்னத திருப்பி எடுத்துக்கறேன்னு நெனைச்சுக்காத. படையலுக்காகக் கேக்கறேன்.

பெரிம்மா
ஜோதியம்மாள்


பெங்களூரு
20.2.2026, வெள்ளி

பெரியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன். நேற்று முதல் நோன்பு. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தவன் பிறகு தூங்கவில்லை.

கடலையை வேக வைக்கக் கூடாது. அதுதான் தப்பு. வெள்ளைக் கொண்டைக்கடலையை முந்தின நாள் மாலையே ஊறப் போடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் ஊற வேண்டும். காலையில் வடித்து, பழைய வேட்டித் துணியில் பரப்பி ஈரம் போக விடுங்கள். வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி, கொஞ்சம் புதினா, சீரகம், தனியா, பச்சை மிளகாய். ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும். மசால் வடைக்கு அரைப்பீர்களே, அதைவிடக் கொஞ்சம் நைஸ், ரவை மாதிரி. பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, பொரிக்கும் முன் ஒரு சிட்டிகை சோடா உப்பு. எண்ணெய் புகையக் கூடாது. நடுத்தரச் சூடு. போட்டவுடன் கரண்டியால் தொடாதீர்கள்.

வேக வைக்க வேண்டியது ஹம்முஸுக்கு, அந்த வெள்ளைக் களிக்கு. அதற்குக் கடலை தனியாக. அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். முதலில் உருண்டை உடையாமல் வரட்டும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இன்று வெள்ளிக்கிழமை. நாளை இருபத்தொன்றாம் தேதி. உங்களுக்குத் திதிக் கணக்கு, எனக்கு இந்தத் தேதிதான்.

அவனை நான் எள் வாங்க அனுப்பவில்லை, பெரியம்மா.

அன்று பன்னிரண்டரைக்கு நான் பள்ளிவாசலுக்குக் கிளம்பும்போது அவன் வண்டிக்குப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். "சீக்கிரம் வாடா, இன்னிக்கு வெள்ளக்காரங்க கூட்டம் இருக்கும்" என்றான். அவ்வளவுதான் பேச்சு. வண்டியில் எள் முக்கால் டப்பா இருந்தது, இரண்டு வாரத்துக்கு வரும். மாதம் ஒரு முறை கீழ்பென்னாத்தூர் செக்கு மில்லில்தான் நாங்கள் வாங்குவோம். அதனால் நீங்கள் அப்படி நினைத்ததில் தப்பில்லை. அன்று அவன் ஏன் அங்கே போனான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று நீங்கள் அத்தனை பேர் முன்னால் கேட்டபோது இதைச் சொன்னால், செத்தவன் தலையில் போட்டுத் தப்பிக்கிறேன் என்று ஆகியிருக்கும். அதனால் சொல்லவில்லை.

முபின்


அடி அண்ணாமலை
24.2.2026, செவ்வாய்

உருண்டை உடையல. அத மொதல்ல சொல்லிடறேன்.

மொத தடவை நாலு விட்டேன், நாலும் நின்னுது. உள்ள கொத்தமல்லிப் பச்சையா, வெளியில முறுகலா, ஆராயி வாயப் பொளந்துட்டா. ரெண்டாவது ஈடுல சூடு ஜாஸ்தி ஆயி வெளியில கருகி உள்ள ஈரமா போச்சு. எல்லாத்தையும் ஆராயி கொண்டு போயிட்டா. ஆட்டுக்குன்னு சொன்னா, அவளே தின்னுருப்பா.

இனி மீதி. எள்ளு முக்கால் டப்பா இருந்துச்சாம். எவன் பாத்தான்? வண்டிய நீ மறு மாசமே வித்துட்டு ஓடிட்ட. நான் என் கண்ணால பாத்தத சொல்றேன் கேளு. கீழ்பென்னாத்தூர் ரோட்டுத் திருப்பத்துல, பைக் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், மில்லுப் பையி கிழிஞ்சு எள்ளு ரோடு பூரா. லாரிக்காரன் தலையில கைய வெச்சுட்டு ஒக்காந்திருக்கான். வெயிலு. எது எறும்பு எது எள்ளுன்னு தெரியாம, நான் அதக் கையால ஒதுக்கிட்டு அவன் பக்கத்துல ஒக்காந்தேன். புடவையில ஒட்டின எள்ளு ரெண்டு நாளு போகல. எனக்கும் அவனுக்கும் நடுவுல இருந்தது அந்த எள்ளுதான். எள்ளு யாருக்கு வேணும்? உங்க வண்டிக்கு. யாரு வண்டியில நிக்காம போனது? நீ.

"எள்ளு வாங்க அனுப்பி என்னை எள்ளு இறைக்க வெச்சுட்டியே, இனி இந்தப் படி ஏறாத"ன்னு சொன்னேன். ஊரே கேட்டுச்சு. தப்பா சொன்னேனா? நீ தொழுகைக்குப் போனதக் குத்தம் சொல்லல. அல்லாவ நான் ஒண்ணும் சொல்லல, அண்ணாமலையார் சாட்சி. ஆனா எம் புள்ள தனியா போனான்.

நீ பொய் சொல்றவன் இல்ல, அதுவும் தெரியும். ஏழு வயசுல மாங்கா திருடினப்ப அவன் இல்லவே இல்லன்னான், நீதான் ஜோப்புலேருந்து எடுத்துக் குடுத்த. அதனாலதான் உன் கடுதாசிய சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சிருக்கேன். ஆனா நீ அனுப்பலன்னா அவன் எதுக்குப் போனான்? அதச் சொல்லு. சொல்ல முடியல இல்ல.

சரி, வேலைக்கு வரேன். ஒரு சிக்கலு. உப்பு. படையலுக்கு வெக்கறத நாக்குல வெச்சுப் பாக்கக்கூடாது, மோந்து கூடப் பாக்கக்கூடாது. ஒத்திகைக்குப் பாக்கலாமேன்னு ஆராயி சொல்றா. நான் அவன் போன நாள்லேருந்து எண்ணெயில பொரிச்சது எதுவும் வாயில வெக்கறதில்ல, வருஷம் முடியட்டும்னு வேண்டுதல். ஆராயி நாக்கு நம்பற நாக்கு இல்ல, அவ கொழம்புல உப்பு அள்ளிக் கொட்றவ. நீதான் அளவு சொல்லணும். அரைப்படி கடலைக்கு எவ்ளோ?

அந்தக் களிக்கும் எழுது. ரொட்டிக்கும்.

ஜோதியம்மாள்


பெங்களூரு
28.2.2026, சனி

பெரியம்மாவுக்கு,

ஹம்முஸ். கடலையைத் தனியாக ஊற வைத்து, சிட்டிகை சோடா போட்டு, நசுக்கினால் வெண்ணெய் மாதிரி ஆகும்வரை வேக விடுங்கள். தோலை எடுத்துவிட வேண்டும். புகழ் ஒவ்வொரு கடலையாகத் தோல் உரிப்பான். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, தண்ணீரில் பிசைந்து விடுவேன், தோல் மிதக்கும். பிறகு வெள்ளை எள். லேசாகச் சூடு காட்டினால் போதும், சிவக்கக் கூடாது. கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தனியாக விழுதாக அரைத்து, அதோடு கடலை, இரண்டு பல் பூண்டு, எலுமிச்சைச் சாறு. கடைசியில் ஐஸ் தண்ணீர் ஒரு கரண்டி விட்டால் வெளுப்பாக வரும். வெள்ளை எள்தான் வேண்டும், கறுப்பு போட்டால் கசக்கும், சாம்பல் நிறமாகிவிடும்.

ரொட்டிக்கு மைதா பாதி, கோதுமை பாதி, ஈஸ்ட், ஒரு ஸ்பூன் சர்க்கரை. இரண்டு மணி நேரம் உப்ப விட்டு, கனமாகத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் போடுங்கள். பூரி மாதிரி எழும்பும். பாதியாக வெட்டினால் பை போல இருக்கும். உள்ளே முதலில் ஹம்முஸ், பிறகு வெள்ளரிக்காய், தக்காளி, கோஸ், மேலே மூன்று உருண்டை.

அவன் சாப்பிடும்போது இன்னொன்றும் போடுவான். உங்கள் எலுமிச்சங்காய் ஊறுகாய். மாதம் ஒரு ஜாடி காணாமல் போகிறது என்று எலியைத் திட்டுவீர்களே, அந்த எலி நாங்கள்தான். வெள்ளைக்காரர்கள் அது என்ன என்று கேட்டு, அதற்காகவே திரும்பி வருவார்கள். நாலு மணிக்குக் கூட்டம் குறைந்ததும் வண்டிக்குப் பின்னால் நின்றபடியே ஒன்றைப் பிய்த்து, பாதியை என்னிடம் நீட்டுவான். உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. படையலில் அதையும் வையுங்கள்.

எள் டப்பாவை எவன் பார்த்தான் என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டியை விற்றபோது அந்த டப்பாவை மட்டும் நான் கொடுக்கவில்லை. இங்கே என் அறையில் இருக்கிறது. இப்போது சிக்குவாடை அடிக்கிறது. தூக்கிப் போட முடியவில்லை. உங்களுக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். எள்ளைக் கையால் வாங்கினால் உறவு அறும் என்பீர்கள். அறுவதற்கு என்ன மிச்சம் என்றும் நினைத்தேன். ஆனாலும் அனுப்பவில்லை.

உப்புக்கு என்னால் எழுத்தில் அளவு சொல்ல முடியாது. பச்சை மாவை நாக்கில் வைத்துத்தான் போடுவோம். ஆனால் என் அம்மா இந்த முப்பது நாளும் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறாள், ஒரு நாளும் உப்புப் பார்ப்பதில்லை. தெருவில் பதினெட்டு வீட்டுக்குப் போகிறது. அவளிடம் கேளுங்கள். இந்த முறை அவள் உங்களை உள்ளே கூப்பிடாவிட்டாலும் நீங்களாகவே போய்விடுங்கள்.

முபின்


அடி அண்ணாமலை
5.3.2026, வியாழன்

போனேன். நேத்து சாயந்தரம், நாலு மணிக்கு. செருப்பக் கழட்டிட்டு நேரா சமையக்கட்டுக்கே போயிட்டேன், நீ சொன்ன மாதிரி.

உங்கம்மா பெரிய அண்டாவுல கஞ்சி கிண்டிட்டு இருந்தா. என்னப் பாத்தா. கரண்டிய என் கையில குடுத்துட்டு வெந்தயம் எடுக்கப் போனா. நான் கிண்டினேன். நான் சாவு வூட்டுக்காரி, நீ நோன்புக்காரி, தொடலாமான்னு கேட்டேன். "அடி புடிக்குது, கிண்டுக்கா"ன்னா.

உப்பு போடறதப் பாத்தேன். உள்ளங்கைய குழிச்சு, கல்லு உப்ப அதுல ரொப்பி, மேல கோபுரம் நிக்காம கட்டை வெரலால வழிச்சு விடறா. அரிசிப் படிக்கு ஒரு குழி. கடலைக்கு ஒண்ணரைக் குழி வேணும், ஏன்னா மாவு உப்பக் குடிக்கும்னா. எப்பிடி மெஹரு முப்பது நாளும் சரியா வருதுன்னு கேட்டேன். "சரியா வருதுன்னு எவன் சொன்னான்? பசியில எவனுக்கும் தெரியறதில்ல"ன்னா. ரெண்டு பேரும் சிரிச்சோம். ஒரு வருஷம் ஆச்சு நான் சிரிச்சு. சிரிச்சிட்டு ஒடனே அழுகை வந்துடுச்சு எனக்கு. அவளுக்கு வர்ல. அவ அண்டாவ எறக்கி வெச்சா, மூடினா, கையத் தொடைச்சா. அப்புறம் சொன்னா.

"அக்கா, ஒன்னு கேளு. புகழு சின்னதுல என் மடியிலயும் சோறு தின்ன புள்ள. அவன் மவுத்தானப்ப நானும் உன் பக்கத்துல ஒக்காந்து அழலாம்னுதான் வந்தேன். நீ என் புள்ளைய படியில நிறுத்தின. நான் அவன் பின்னாடி நின்னுட்டிருந்தேன், நீ பாக்கல. அவனக் கூட்டிட்டுத் திரும்பி வந்தேன். அன்னிக்கு நான் அழக் கூட எடமில்ல."

அவ வூட்டுப் பாத்திரம் நாலு கெடந்துச்சு, கழுவிக் கவுத்துட்டு வந்தேன்.

நீ வேலைக்குன்னு போகல, ஊர்ல எல்லாரும் "எள்ளு வாங்க அனுப்பினவன்"னு பாக்கறாங்கன்னுதான் ஊர விட்டுப் போனன்னும் சொன்னா. ஊர் வாயி. அத ஆரம்பிச்சு வெச்சது என் வாயி.

பன்னெண்டாம் தேதி மெஹரு வரேன்னிருக்கா. நோன்போட வந்து மாவு புடிக்கறேன்னா. படையல்ல வெச்சத அவ திங்கமாட்டா, அது எனக்குத் தெரியும், அதுல எனக்கு வருத்தமில்ல. அதனால மாவ அரைச்சதும் ரெண்டு பாத்திரமா பிரிக்கறதுன்னு பேசிட்டோம். ஒண்ணு இவனுக்கு. ஒண்ண அவ தூக்கிட்டுப் போயி நோன்பு தொறக்கறப்ப பொரிச்சுக்கறது. உப்பு எப்பிடின்னு அவதான் சொல்லணும்.

நீயும் வா. கூப்பிடறேன்னு வெச்சுக்க, வெச்சுக்காம போ. நீ இல்லாம அந்த ரொட்டி எழும்புமான்னு தெரியல.

ஜோதியம்மாள்


பெங்களூரு
8.3.2026, ஞாயிறு

பெரியம்மாவுக்கு,

ரொட்டி எழும்பும். கல் நன்றாகக் காய வேண்டும், அவ்வளவுதான்.

நான் வரவில்லை. லீவு கேட்டால் கிடைக்கும். கேட்கவில்லை. படையலுக்காக ஒரு நாள் படியேற விட்டு, மறுநாள் மறுபடி தடுத்தால் என்னால் தாங்க முடியாது. நான் அனுப்பவில்லை என்று நீங்கள் நம்பிய பிறகு வருகிறேன். நம்பாவிட்டாலும் குற்றமில்லை. எனக்கே சில நாள், அனுப்பினேனோ என்று தோன்றுகிறது.

அன்று நாலு மணிக்கு நான் இங்கே வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பேன்.

முபின்


அடி அண்ணாமலை
14.3.2026, சனி

எறங்குச்சு முபினு. காக்கா எறங்குச்சு.

வரிசையா சொல்றேன், இல்லன்னா விட்டுடுவேன். உங்கம்மா காலைல ஏழு மணி பஸ்சுல வந்துட்டா. கடலை ஊறிக் கெடந்துச்சு. துணியில பரப்பி ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் ஒக்காந்து ஒத்தி எடுத்தோம். வேக வெச்ச கடலைக்கு நான் ஒவ்வொண்ணா தோல் உரிச்சேன், அவன மாதிரி. மெஹரு உன்ன மாதிரி பிசைஞ்சு விடலாம்னா, நான் விடல. உப்பு அவ கைக்குழியால போட்டா. போட்டுட்டு பிஸ்மில்லான்னா, நான் அண்ணாமலையாருக்கு அரோகரான்னேன். ரெண்டு பேரும் நாக்க நீட்டல.

ரொட்டி மொத மூணு தட்டையா கெடந்துச்சு. நாலாவது எழும்புச்சு. அத வெட்டி ஹம்முசு தடவி, காய் வெச்சு, மூணு பலாபல் வெச்சு, மேல ஊறுகா எண்ணெய் சொட்டி, தலைவாழை எலையில வெச்சேன். பங்காளிங்க நாலு பேர் வந்திருந்தாங்க, இது இன்னா பர்கரான்னு ஒருத்தன் கேட்டான். வடையும் வெச்சேன், இருக்கட்டும்னு. கற்பூரம் காட்டிட்டு மதில் மேல வெச்சேன். பன்னெண்டு மணி.

வர்ல. அதே மூணு காக்கா, வேப்பமரத்து மேல. பங்காளிங்க கூப்புட்டாங்க. அன்னதானம் போடறேன்டான்னேன். மொட்டை போட்டுக்கறேன்னேன். அவன் பைக்க விக்கமாட்டேன்னேன். ஒண்ணுக்கும் அசையல. அப்ப மெஹரு மரத்தடியிலேருந்து சொன்னா. கத்தல, மெதுவாத்தான் சொன்னா. "என் புள்ளைய சொல்லுக்கா."

நான் சொன்னேன். எலையப் பாத்து சொன்னேன். "புகழு, முபினு மேல இருந்த கோவத்த விட்டுட்டேன்டா. அவன் அனுப்பி இருந்தாலும் சரி, அனுப்பாட்டியும் சரி, நான் அவன மன்னிச்சிட்டேன். வூட்டுக்கு வரச் சொல்றேன்."

நீ நம்பமாட்ட. ஒண்ணு எறங்கி வந்து ரொட்டிய ஒரு ஓரமா கொத்துச்சு. அப்புறம் உருண்டைய கவ்விட்டுப் போச்சு. பின்னாடியே மத்த ரெண்டும். வடைய அதுங்க தொடவே இல்ல.

அப்புறம் நான் தின்னேன். வேண்டுதல் முடிஞ்சுது இல்ல. ஆட்டுக்குப் போட்ட அந்த மூணு வருஷத்தையும் சேத்துத் தின்ன மாதிரி இருந்துச்சு. பூண்டு வாசனை தெரியல எனக்கு. ஊறுகாதான் தெரிஞ்சுது. எம் புள்ள என் கை ஊறுகாயத்தான் தின்னுட்டிருந்திருக்கான், வண்டிக்குப் பின்னாடி நின்னுட்டு. உப்பு சரியான்னு அழுகையில தெரியல. சாயந்தரம் ஆறரைக்கு மெஹரு போன் பண்ணி, "அக்கா, உப்பு ஒரு கல்லு கம்மி, ஆனா நல்லா கீது"ன்னா. நாலு மணிக்கு உன்ன நெனைச்சேன். நீ நின்னியா?

இருபத்தொண்ணு பெருநாள்னு சொன்னா. நீ வருவ இல்ல. டவுன்ல கும்புட்டு முடிச்சுட்டு அப்பிடியே இங்க வா. படி ஏறு. யாராவது ஏதாவது சொன்னா நான் பதில் சொல்றேன். மன்னிச்சாச்சு, அதப் பத்தி இனி பேச்சு வேணாம். நீயும் பேசாத.

இன்னிக்கு சனிக்கிழமை. ஒரு வருஷம் ஆச்சு, இன்னிக்குத்தான் கோயில் படி ஏறப் போறேன். சனீஸ்வரனுக்கு எள்ளு விளக்குப் போடணும். ஆராயி கெளம்பி வாசல்ல நிக்கறா, பேனாவ வெச்சுட்டு வாக்கான்னு. இரு, முடிச்சுக் கட்டறதுக்கு எள்ளு எடுத்து வெச்சுட்டு வந்து மீதிய எழுதறேன்.

முபினு.

சாமி ரூம்ல எள்ளு டப்பாவத் தொறந்தேன். காலியா கீது. அடியில நாலு எள்ளு ஒட்டிட்டு கீது.

இது இன்னிக்குக் காலியானதில்ல. போன வருஷமே காலி. அந்த வெள்ளிக்கு மொத நாளு, வியாழக்கிழமை, அவன் வாசல்ல செருப்பு மாட்டிட்டிருந்தான். நான் உள்ளேருந்து கொரல் குடுத்தேன். சனிக்கிழமை விளக்குக்கு எள்ளு தீந்துபோச்சுடா, கடை எள்ளு வேணாம், கல்லும் மண்ணுமா கீது, மில்லுல வாங்கியாந்துடுன்னு. "நாளைக்கு முபின் தொழுகைக்குப் போனதும் ஒரு எட்டு போயி வாங்கியாறேன் பெரிம்மா"ன்னான்.

ரோட்டுல கொட்டிக் கெடந்தது கறுப்பு எள்ளு.